கண்ணாடி நிலாக்களின் இமைமுடி

ஏலக்கடையின் பின்பக்க அறையில், ஜன்னலை ஒட்டினாற்போல அவளுடைய மேசை. அதன் மேல் ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு காந்தம், நீல ஒளி விடும் சின்ன டார்ச், ஒரு சிறிய தராசு. சாமான் அவ்வளவுதான். மீதி வேலையெல்லாம் கண்ணும் விரல் நுனியும் பார்த்துக்கொள்ளும். கடையில் எல்லோரும் அவளை ஊசிக்கண் அக்கா என்பார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார்.

ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு வீடுகளில் தொங்கவிடும் பழைய அலங்காரப் பொருட்கள் அவளுடைய பிரிவு. கண்ணாடிக் குண்டுகள், காகிதக்கூழ் பொம்மைகள், தகர மணிகள், ஓரம் மடங்கிய வாழ்த்து அட்டைகள். கொள்ளுத்தாத்தா காலத்தது என்று சொல்லி ஜனங்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். அவற்றைச் சேர்ப்பதற்கென்றே பித்துப் பிடித்து அலைபவர்கள் வேறு இருந்தார்கள். எது நிஜமாகவே அந்தக் காலத்தது, எது போன மாதம் செய்து டீத்தண்ணீரில் முக்கி எடுத்தது என்று பிரித்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு.

ஒருமுறை ஒரு கனவான் துருப்பிடித்த தகர மணியோடு வந்தார். அவள் கட்டைவிரலால் ஒரு தேய், அவ்வளவுதான். விரல் செங்கல் நிறமாகிவிட்டது.

"நிஜத் துரு தகரத்தைத் தின்னுட்டுத்தான் உக்காரும்ங்க. இது விருந்தாளி மாதிரி சும்மா மேல உக்காந்திருக்கு."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து முதலாளி பக்கத்து அறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

வீட்டிலும் இந்தக் குணம் விடாது. யார் வீட்டில் சாப்பிடப் போனாலும் காலித் தட்டைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பாள். "அண்ணி வராங்கன்னா நான் நல்ல சாமானையெல்லாம் உள்ள வெச்சுப் பூட்டிடுவேன்" என்று நாத்தனார் வாய்விட்டே சொல்வாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "இவகிட்ட பொய் சொல்லி நான் ஜெயிச்சதே இல்ல. குரல்லயே சாயம் வெளுத்துடும்" என்பார்.

இந்தக் கண் அவளுக்கு வந்தது தொழிற்சாலையில். பதினாறு வருஷம் ஒரு கண்ணாடி அலங்காரத் தொழிற்சாலையின் வண்ணக்கூடத்தில் வேலை பார்த்தாள். பெஞ்சில் அவளுக்குப் பக்கத்து இடம் பீச்சாங்கைக்கு. இடதுகைப் பழக்கம் என்பதால் வந்த பெயர். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. முகம் வரைவதில் அந்தக் கூடத்திலேயே அவளுக்கு நிகரில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் கண்ணின் இமைமுடியை வரைவாள். மற்றவர்கள் வரைந்தால் வலப்பக்கம் சாயும். இவள் வரைந்தால் இடப்பக்கம் சாயும். பிளாஸ்டிக் சாமான் வந்து தொழிற்சாலை படுத்தது. ஆளுக்கொரு திசையில் போனார்கள். கொஞ்ச காலம் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள், பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

பெட்டிக்காரர் என்று அவள் பின்னால் பெயர் வைத்த ஆள் முதல் தடவை கடைக்கு வந்தது ஒரு மழைநாள் காலையில். மெல்லிய குரல், வெளுத்த சட்டை, கையில் ஒரு அட்டைப்பெட்டி. ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணில் கிடைத்தது என்றார். பெட்டிக்குள் பன்னிரண்டு கண்ணாடி நிலாக்கள். உள்ளங்கையளவு முழுநிலா, முகம் வரைந்தது, லேசாகச் சிரிக்கிறது.

அவள் ஒன்றை எடுத்து விளக்கடியில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. இமைமுடி இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

ஒன்று, இரண்டு, பன்னிரண்டும் அப்படியே. அந்த மேலுதட்டின் சின்னத் தூக்கலை அவள் பதினாறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பீச்சாங்கை உயிரோடு இருக்கிறாள், வரைந்துகொண்டிருக்கிறாள் என்பதில் முதலில் ஒரு சந்தோஷம்தான் வந்தது. அதன் பின்னாலேயே, வரைவது போலிக்கு என்ற நினைப்பும் வந்தது.

கடையில் போலி என்று ஒதுக்கினால் காரணம் எழுதிய ஆய்வுச் சீட்டு ஒன்றைப் பொருளோடு சேர்த்துத் திருப்பிக் கொடுப்பது வழக்கம். அவள் எழுதினாள்: மேல்மூடி புதிய தகரம், அந்தக் காலத்தில் பித்தளை, ஓரத்தை இயந்திரம் மடித்திருக்கிறது, கை மடிக்கவில்லை. இமைமுடியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. தோழியைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. கீழே கையெழுத்துப் போட்டாள்.

பெட்டிக்காரர் சீட்டை நிதானமாகப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சண்டையில்லை, சலிப்பில்லை.

"ரொம்ப நன்றிங்க அக்கா. தெளிவா எழுதியிருக்கீங்க."

போலி என்று சொன்னதற்கு நன்றி சொன்ன ஆளை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். இன்னொரு பரண், இன்னொரு பன்னிரண்டு நிலா. மூடி பித்தளை, ஓரம் கையால் மடித்தது. அவள் டார்ச்சை அடித்தாள். நிலாக்களைச் சுற்றியிருந்த மெல்லிய காகிதம் நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தது. பழைய காகிதம் அப்படி ஒளிராது. அதையும் எழுதினாள்: காகிதம் புதியது, அழுக்கு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கிறது, நிஜப் பொருளில் விரல் பிடிக்கும் இடம்தான் முதலில் தேயும். இமைமுடியைப் பற்றி இந்தத் தடவையும் எழுதவில்லை.

மூன்றாம் தடவை காகிதம் ஒளிரவில்லை. விரல் பிடிக்கும் இடத்தில் மட்டும் பதமாகத் தேய்ந்திருந்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

"நீ பாடம் நடத்தறே. அவன் ஒவ்வொரு வகுப்பா பாஸ் பண்ணிட்டு வரான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு முறுக்கும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. தன்னை ஜெயிக்கப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும் என்ற முறுக்கு. அந்த முறுக்கில்தான் மூன்றாவது சீட்டை ஒரு பக்கத்துக்கு எழுதினாள். உள்முலாம் இந்தக் காலத்து வெள்ளிக் கரைசல். அதனால் அளவுக்கு மீறிப் பளபளக்கிறது, எடையும் குறைவு. அந்த வயதுள்ள நிலாக்களில் பாதரசத்தையும் ஈயத்தையும் கலந்து சூடாக்கி உள்ளே ஊற்றிச் சுழற்றியிருப்பார்கள். அது நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும், கையில் கனக்கும். முதலாளி படித்துவிட்டு, "அடேங்கப்பா, புத்தகமே போடலாம் போலிருக்கே" என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

பெட்டிக்காரர் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார்.

அதன்பிறகு ஐந்து மாதம் ஆளையே காணோம்.

விடுமுறை ஏலத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, வந்தார். இந்தத் தடவை இருபத்து நான்கு நிலாக்கள். தராசில் வைத்தாள், கனம் சரியாக இருந்தது. இம்மி கூடுதலாகவே இருந்தது. நிறம் மழைக்கு முந்தைய வானம் மாதிரி சாம்பல் நீலம். மூடி, காகிதம், தேய்மானம், எதிலும் கை வைக்க இடமில்லை. இதைவிட நிஜமான போலியை அவள் பார்த்ததே இல்லை.

பூதக்கண்ணாடியை எடுத்து முகத்தைப் பார்த்தாள். இமைமுடி இடப்பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஆனால் கோடு கோடாக இல்லை. ஒவ்வொரு முடியும் ரம்பத்தின் பல் மாதிரி நெளிந்து நெளிந்து போயிற்று. உதட்டின் தூக்கல் இரண்டு இடத்தில் உடைந்து ஒட்டியிருந்தது.

அவள் அலமாரியைத் திறந்து, முன்னால் திருப்பியனுப்பிய மூன்று பெட்டிகளின் புகைப்படங்களை எடுத்தாள். மேசையில் வரிசையாகப் பரப்பிக் கடைசியில் இந்த நிலாவை வைத்தாள். முதல் மூன்றிலும் கம்பி இழுத்தாற்போன்ற கோடு. நான்காவதில் நடுக்கம். பெட்டிக்குள் இருந்த வரிசையிலேயே இருபத்து நான்கையும் பார்த்துக்கொண்டு போனாள். முதல் நிலாவைவிடக் கடைசி நிலா இன்னும் மோசம்.

தொழிற்சாலையில் கண்ணாடிக்கு ரசம் பூசும் பிரிவு ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவர் டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிப்பார். அப்படியும் பாதி தரையில் சிந்தும். பாதரச ஆவி பண்ணிய வேலை அது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிரிவை மூடியபோது ஒருவரும் வருத்தப்படவில்லை. அந்தக் கோப்பை ஆடிய ஆட்டம் இப்போது இந்த இமைமுடியில் இருந்தது.

தான் எழுதிய மூன்றாவது சீட்டு வரிவரியாக அவள் நினைவுக்கு வந்தது. நிலாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

பெட்டிக்காரர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். அவள் போய் எதிரில் நின்றாள்.

"இதை யார் செய்யறாங்க?"

"பரண்ல கிடைச்சதுங்க அக்கா."

"வரையறவங்களுக்குக் கை நடுங்குது. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தலையைச் சாய்த்து, அக்கறையோடு கேட்டுக்கொண்டார். "அப்படியா? அது குறைதான். சீட்டுல எழுதிடுங்க. வேற ஆள் பாத்துக்கலாம்." எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "நீங்களும் அந்தக் கம்பெனியில இருந்தவங்களாமே. அவங்களுக்கு எப்பவும் உங்க பேச்சுதான். முதல் பெட்டியை உங்ககிட்டயே கொண்டுபோகச் சொன்னதும் அவங்கதான்."

பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

முதலாளியிடம் போய், "குறைன்னு எதுவும் காட்ட முடியல. ஆனா விக்காதீங்க. உள்ள பாதரசம் இருக்கு, புதுசா ஊத்தினது. நான் நாளைக்கு ஒரு இடத்துக்குப் போயிட்டு வந்து சொல்றேன்" என்றாள். அவர் ஏலப் பட்டியலிலிருந்து தலையைத் தூக்காமலே "சரி, சரி" என்றார்.

பழைய தோழிகள் இரண்டு பேரிடம் கேட்டு விலாசம் வாங்கினாள். மறுநாள் காலை கணவர் லீவு போட்டுவிட்டு வண்டியோட்டினார். ஊரின் கடைசியில், பழைய கிடங்குகளுக்குப் பின்னால், ஒரு மாடி வீடு. ஏறும்போதே அவர் கவனித்தார்.

"ஜன்னலெல்லாம் ஏன் டேப் போட்டு ஒட்டியிருக்கு?"

"ஈர வண்ணத்துல தூசி படக்கூடாதுன்னு" என்றாள். சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். காற்று போக வழியில்லாத வீடு.

கதவைத் திறந்தவளை அவளுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. பாதியாக இளைத்திருந்தாள். ஈறு வீங்கி உதடு மூடாமல் இருந்தது. கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. ஊருக்கெல்லாம் கேட்கும்படி சிரித்தவள், கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

"எதுக்கு வந்தே?"

"உன்னைப் பாக்கத்தான்."

"பாத்தாச்சுல்ல? போ."

உள்ளேயிருந்து யாரோ எதையோ தூக்கிப் போட்டு உடைக்கும் சத்தம். "அவருக்கு இப்பல்லாம் கோவம் வந்துடுது. தூக்கமே கிடையாது" என்றாள் பீச்சாங்கை. அவள் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் தலை தானாக ஆடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் அடுப்பில் ஒரு இரும்புச் சட்டியில் பாதரசக் கலவை சூடாகிக்கொண்டிருந்தது. அதே அடுப்பில் பக்கத்தில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

ஊசிக்கண் அக்கா விறுவிறுவென்று உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். கூடத்துக்கு வந்து ஜன்னல் டேப்பை நகத்தால் கிழித்தாள். கணவர் அடுத்த ஜன்னலைப் பிடித்தார். பீச்சாங்கை அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன பண்றே நீ? எல்லாம் நீ சொன்ன மாதிரிதானே செஞ்சிருக்கோம்!"

பீச்சாங்கை அலமாரியிலிருந்து ஒரு அட்டை உறையை எடுத்துவந்தாள். பிரிக்க முடியாமல் விரல் தடுமாறியது. உள்ளே மூன்று ஆய்வுச் சீட்டுகள். சிவப்பு மையில் வரிவரியாகக் கோடிட்டிருந்தது. 'பாதரசத்தையும் ஈயத்தையும்' என்ற இடத்தில் இரட்டைக் கோடு.

"முதல் சீட்டுல உன் கையெழுத்தைப் பாத்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. என் கை உனக்குத் தெரியாம இருக்குமா? அதை மட்டும் நீ எழுதல. ரெண்டாவதுலயும் எழுதல. அப்பவே புரிஞ்சுக்கிட்டேன்."

"என்ன புரிஞ்சுக்கிட்டே?"

"நேர்ல சொல்ல முடியாதுன்னு நீ சீட்டுல சொல்லிக் குடுக்கறேன்னு. எது தப்பு, எப்படித் திருத்தணும்னு. எனக்காகத்தான் இவ்ளோ விவரமா எழுதறேன்னு." அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "இல்லையா?"

ஊசிக்கண் அக்காவால் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. தரையைப் பார்த்தாள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள இடுக்கில் கடுகளவு வெள்ளி உருண்டைகள் வரிசையாகக் கிடந்தன. ஜன்னல் வெளிச்சம் பட்டதும் அத்தனையும் மினுங்கின.

இருவரையும் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது மாலையாகிவிட்டது. டாக்டர் ஒரு காகிதத்தைக் கொடுத்து பீச்சாங்கையைப் பெயர் எழுதச் சொன்னார். அவள் இடது கையில் பேனாவைப் பிடித்தாள், எழுதினாள். நான்கு எழுத்துப் பெயர் காகிதத்தின் குறுக்கே தாறுமாறாக ஓடியது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "எத்தனை மாசமா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் சுகாதாரத் துறை ஆட்கள் முகமூடியோடு போய் வீட்டைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். தரையைப் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள்.

மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கும் காவல் நிலையத்துக்கும் நடந்துவிட்டு நான்காம் நாள் கடைக்குப் போனாள். அவள் மேசை காலியாக இருந்தது.

"நிலாவெல்லாம் எங்க?"

முதலாளி மலர்ந்த முகத்தோடு, "முன்பார்வைக்கு வெச்சோம், ஏலம் வரைக்கும் யாரும் காத்திருக்கல, மதியத்துக்குள்ள நேர் விலைக்கே அத்தனையும் போயிடுச்சு. நீங்கதானே குறை இல்லைன்னு சொன்னீங்க?" என்றார்.

அவள் சொன்னதில் முதல் பாதியை மட்டும் அவர் எடுத்துக்கொண்டிருந்தார். இருபத்து நான்கு நிலாக்களும் இருபத்து நான்கு வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேலும் தொட்டிலுக்கு மேலும் நூலில் தொங்கப் போய்விட்டன. ஒவ்வொன்றின் அடியிலும் இறுகாத பாதரசம் கொஞ்சம் தேங்கியிருந்தது. தராசில் காட்டிய அந்த இம்மி கூடுதல் எடை அதுதான் என்று ஆய்வுக்கூடத்தில் பிறகு சொன்னார்கள்.

வாங்கினவர்களின் பட்டியலைக் கேட்டாள். "கடை மானம் போயிடும்" என்றார் முதலாளி. "போகட்டும்" என்றாள் அவள். அப்படி அழுத்தமாக அவரிடம் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவே கடைசியும் ஆயிற்று. மேசைச் சாமானை ஒரு பையில் போட்டுக்கொண்டாள், பட்டியலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

பெட்டிக்காரரை யாராலும் பிடிக்க முடியவில்லை. அவர் கொடுத்திருந்த விலாசத்தில், சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு வெற்றுச் சுவர்தான் இருந்தது. பீச்சாங்கையின் நடுக்கம் பல மாதச் சிகிச்சையில் ஓரளவு அடங்கியது. கரண்டி பிடிக்கிறாள், தலை வாரிக்கொள்கிறாள், வரைய முடியவில்லை. அவள் வீட்டுக்காரருக்கு இன்னமும் சட்டைப் பொத்தானை வேறொருவர்தான் போட்டுவிட வேண்டும். ஊசிக்கண் அக்கா வாரம் ஒருமுறை போவாள். இருவரும் உட்கார்ந்து மற்ற விஷயங்களைப் பேசுவார்கள். சீட்டுப் பேச்சு மட்டும் வராது. ஒருமுறை பீச்சாங்கை, "நீ என் கையைப் பத்தி முதல் சீட்டுலயே எழுதியிருந்தா, அந்த ஆள் அன்னிக்கே என்னை விட்டிருப்பான்" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அதனால்தான் கூடுதலாக வலித்தது.

அந்த விடுமுறை வாரத்தில் அவளும் கணவரும் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். சிலர் நன்றி சொல்லிக் கொடுத்தார்கள். சிலர் ஏமாற்றுக்காரர்கள் என்று கதவைச் சாத்தினார்கள். சுகாதாரத் துறை ஆளோடு மறுபடி போய் வாங்கினார்கள். பத்தொன்பது நிலாக்கள் திரும்பின. நான்கு பேர் வெளியூர், தகவல் சொல்லியாயிற்று. ஒருவர் மட்டும் தொலைபேசி எண்ணைத் தவறாக எழுதியிருந்தார். செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார்கள். பதில் இல்லை.

விடுமுறை முடிந்து மூன்று வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் குரல், இளம் குரல், பின்னணியில் குழந்தைகள் கூச்சல்.

"பழைய பேப்பர்ல உங்க நம்பர் பாத்தேன். அந்த நிலா விஷயமா. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சுங்க. ஆனா உடைஞ்சுபோச்சு."

"எப்ப உடைஞ்சுது?"

"அது ஆச்சு, பத்து நாள் இருக்கும். கண்ணாடியெல்லாம் அள்ளிட்டேன். உள்ளேருந்து குட்டிக்குட்டியா வெள்ளி உருண்டை வந்துச்சுங்க, தொட்டா ஓடுது. பசங்களுக்கு ஒரே குஷி. ஒரு டப்பாவுல போட்டு வெச்சு தினமும் எடுத்து விளையாடறாங்க." அவள் சிரித்தாள். "அது ஒண்ணும் பண்ணாதுல்ல?"

ஊசிக்கண் அக்கா எழுந்து நின்றாள். தட்டு கீழே விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. கணவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க" என்றாள்.  "டப்பாவைத் தொடாதீங்க. ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டுட்டு, பிள்ளைங்களைத் தூக்கிட்டு இப்பவே வெளியே வாங்க. எத்தனை பிள்ளைங்க?"

"மூணு."

"சின்னதுக்கு என்ன வயசு?"

மறுமுனையில் சிரிப்பு நின்றிருந்தது. குழந்தைகள் மட்டும் இன்னும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தவழ்ற வயசு" என்றாள் அந்தப் பெண்.